பந்தல் போட்டவர் சொல்லட்டும்

தேர்தலுக்கு இரண்டே நாள் இருக்கும்போது எங்கள் ஊரில் யாருமே சாகவில்லை. சண்டைக் காலத்தில் கேட்பாரற்றுக் கொத்துக்கொத்தாகச் செத்த ஊர் இது. இப்போது ஒரே ஒரு சாவு தேவைப்படுகிற நேரத்தில் ஒருத்தராவது மனசு வைக்க வேண்டுமே! ஊஹூம். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்த சூளைக்காரர் வீட்டு ஹஜ்ஜாக் கிழவிகூட அன்றைக்குப் பார்த்து எழுந்து உட்கார்ந்து, கோழிச்சாறு கொண்டா என்று மருமகளை விரட்டினாளாம்.

சாவுக்கு அப்படி என்ன அவசரம் என்றால், சட்டம் அப்படி. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மௌன நாள். வேட்பாளர் ஓட்டுக் கேட்கக் கூடாது, கூட்டம் கூட்டக் கூடாது, சோறு போடக் கூடாது. ஆனால் துக்கம் விசாரிக்கப் போகலாம். எந்த ஜனநாயகம் வந்தாலும் திஜ்லா ஆற்றங்கரையில் அதைத் தடுக்க ஆள் பிறக்கவில்லை. பந்தல் போட்டால் குலம் மொத்தமும் வரும், கசப்புக் காப்பி குடிக்கும், ஆட்டிறைச்சிச் சோறு தின்னும். யார் செலவில் தின்றோம் என்பது மறுநாள் ஓட்டுப் போடும்வரை நினைவிலும் இருக்கும். மற்ற வேட்பாளர்களுக்கெல்லாம் அவரவர் பேட்டையில் ஆளுக்கொரு சாவு அகப்பட்டுவிட்டது. ஹாஜி ஷல்லாலுக்கு மட்டும் இல்லை, பாவம்.

ஹாஜி ஷல்லால் சண்டைக் காலத்தில் ஓர் ஆயுதப் படைக்குத் தலைவர். பாலத்துச் சோதனைச் சாவடி அவருடைய ஆட்கள் கையில்தான் இருந்தது. சண்டை முடிந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டார். உடனே நாட்டில் ஜனநாயகம் வந்துவிட்டது. இப்போது சுவருக்குச் சுவர் அவர் படம், அதன் கீழே ‘மனித கண்ணியமே என் மூச்சு’. அந்தச் சுவர்களில் பாதியைக் குண்டால் துளைத்தவர்களும் அவர் ஆட்கள்தான். ஆகவே படம் ஒட்ட அவருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

ஸபீஹாவின் கணவன் முஸன்னா குளிர்பெட்டி பழுது பார்க்கிறவன். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பாலத்துச் சாவடியில்தான் அவனை வண்டியிலிருந்து இறக்கினார்கள். பேரைச் சரிபார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறோம், அஞ்சு நிமிஷம் என்றார்கள். அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் முடிந்தபாடில்லை. அவள் ஏறி இறங்காத படி இல்லை. சிறைச்சாலையில் எங்களிடம் இல்லை என்றார்கள், ஆஸ்பத்திரியில் எங்களிடமும் இல்லை என்றார்கள். மனித உரிமை அலுவலகம் மட்டும்தான் மரியாதையாக உட்காரச் சொன்னது. குளுகுளு அறையில் நாள் முழுக்கப் பயிலரங்கு நடத்தி, காணாமல் போனவர் குடும்பத்துக்கு என்னென்ன உரிமை உண்டு என்று படம் போட்டுக் காட்டி, ஆளுக்கொரு தொப்பியும் கொடுத்து அனுப்பியது. என் புருஷன் எங்கே என்று அவள் கேட்டதற்கு, அது திட்டத்தின் அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள். இருக்கிறானா, செத்தானா? அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அழுவதா, காத்திருப்பதா என்றே தெரியாமல் ஒரு பெண்பிள்ளை எத்தனை காலம் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள்?

அந்த வீட்டுக்குத்தான் ஹாஜி ஷல்லால் வந்தார். கூட்டிக்கொண்டு வந்தவர் ஹம்தி, பேட்டை முக்தார், அதாவது பேட்டைத் தலைவர். எத்தனை அரசாங்கம் கவிழ்ந்தாலும் கவிழாத நாற்காலி ஹம்தியுடையது. ஸபீஹாவின் மாமனார் முத்லக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஹாஜி கோப்பையை வாங்கித் தரையில் வைத்துவிட்டார்.

“குடிங்க ஹாஜி.”

“கேக்க வந்ததக் குடுத்தாத்தான் குடிப்பேன்.”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்துவிட்டால் ஒன்று கேட்டதைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மானத்தைக் கொடுக்க வேண்டும். கிழவர் முகம் சுருங்கிப் போயிற்று.

“சொல்லுங்க.”

முக்தார் தொண்டையைச் செருமினார். “நம்ம முஸன்னாவுக்கு இன்னும் ஃபாத்திஹா ஓதலியேண்ணே. ஹாஜிக்கு மனசே ஆறல. பந்தல், ஆடு, அரிசி, ஓதுறவரு, எல்லாம் ஹாஜி செலவு. நாளைக்கே வெச்சிடுவோம்.”

“நாளைக்கேவா?”

“நல்ல காரியத்தத் தள்ளிப் போடலாமா?”

திரைக்குப் பின்னாலிருந்து ஸபீஹா கேட்டாள். “அவரு மௌத்தாயிட்டாருன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

ஹாஜி திரைப்பக்கம் திரும்பிக் குரலைக் குழைத்துக்கொண்டார். “தங்கச்சி, மூணு வருஷம் ஆச்சும்மா. எல்லாம் தெரிஞ்ச விஷயம்தானே? அவன் சொர்க்கத்துல நல்லா இருக்கான். என் சொந்தத் தம்பி போன மாதிரி எனக்கு ராத்தூக்கம் இல்ல.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஸபீஹாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எல்லாம் தெரிஞ்ச விஷயமாம்! யாருக்குத் தெரிந்த விஷயம்?

“சரி, போடுங்க பந்தல,” என்றாள். “ஆனா வாசல்ல நீங்கதான் நிக்கணும். வர்றவங்க கையப் பிடிச்சித் துக்கம் வாங்கிக்க வேண்டியது நீங்கதான்.”

ஹாஜிக்கு வாயெல்லாம் பல். ஓட்டுள்ள அத்தனை ஆண்களும் வரிசையாக வந்து தன் கையைப் பிடிப்பது கசக்குமா என்ன? கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

“என்னம்மா இப்பிடிப் பண்ணிட்டே?” என்றார் முத்லக். “புள்ள உசிரோட இருந்தா?”

“இருந்தா வந்து பந்தலப் பிரிச்சிப் போடட்டும் மாமா.”

மறுநாள் தெருவையே அடைத்துப் பந்தல். வாசலில் கறுப்புத் துணிப் பதாகை. அதில் இறந்தவர் பெயர் கடுகளவு, இரங்குகிறவர் பெயர் பூசணியளவு, பக்கத்தில் அவருடைய தேர்தல் பட்டியல் எண். மௌன நாளல்லவா, அதனால் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. துணி மட்டும் கேட்டது. ஹாஜி வாசலில் நின்று கையைப் பிடித்தார், கட்டிப் பிடித்தார், நடுநடுவே கண்ணையும் துடைத்துக்கொண்டார். கேமராக்காரன் கூடவே நின்றான்.

சோறு வைக்கும் நேரத்தில் ஸபீஹா ஆண்கள் பந்தலுக்குள் வந்தாள். ஓதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

“பொம்பளைங்க அந்தப் பக்கம்மா,” என்று முக்தார் பதறினார்.

“தெரியும் முக்தார். ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடறேன்.” அவள் ஹாஜிக்கு நேராக நின்றாள். “வாசல்ல நின்னு துக்கம் வாங்குறவன் சாவுக்குச் சாட்சி. இது நம்ம குல வழக்கம், இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவரு செத்தது தெரியாது. பெத்தவருக்குத் தெரியாது. சர்க்காருக்கே தெரியாதாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லுங்க ஹாஜி, என் புருஷன எங்க பொதச்சிருக்கீங்க?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் பந்தல் போட்டுக் கெட்டார்.

“தங்கச்சி துக்கத்துல என்னமோ பேசுது,” ஹாஜி சிரிக்கப் பார்த்தார். “எனக்கு எப்பிடிம்மா தெரியும்? நான் ஒரு அனுதாபத்துல...”

“தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“அப்பச் சரி. குர்ஆன் மேல கைய வெச்சி அதையே சொல்லுங்க. ‘முஸன்னாவுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது.’ அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன். என் ஓட்டு உங்களுக்கு, இந்தத் தெரு ஓட்டும் உங்களுக்கு.”

எங்கள் குலத்தில் எந்தப் பழியும் அத்தோடு தீர்ந்துவிடும். கை வைத்து இல்லை என்றவனை அதற்கு மேல் ஒருவரும் கேட்க முடியாது. பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு விளங்காது என்று கொலைகாரன்கூட நம்புகிற இடம் இது. ஹாஜி அரசியல் சாசனத்தின் மேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். அது போகிறது. இது வேறு.

ஓதுகிறவர் எழுந்து குர்ஆனை நீட்டிப் பிடித்தார். ஹாஜியின் வலது கை மார்பளவு எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு கோட்டுப் பைக்குள் போய்க் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தது. மணி அடிக்கவே இல்லை.

“ஹலோ,” என்றார் ஹாஜி. “ஹலோ, சொல்லுங்க.”

பின்வரிசையில் ஒரு மனிதர் எழுந்தார். “போன வெச்சிட்டு வாங்க ஹாஜி. என் தம்பி யூனுஸும் அதே பாலத்துலதான் எறங்கினான். அதுக்கும் ஒரு கை வெச்சிடுங்க.” அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். அப்புறம் இன்னும் சிலர். மறுநாள் ஓட்டுப் போட நிற்கவேண்டிய வரிசை அன்றைக்கே நின்றுவிட்டது. ஹாஜி ஹலோ ஹலோ என்றபடியே வண்டியில் ஏறிப் போனார். பெட்டிகள் எண்ணி முடிந்தபோது அவர் ஜெயித்ததும், போன வேகத்தில் பாராளுமன்றத்தின் மனித உரிமைக் குழுவில் உட்கார்ந்ததும் வேறு கதை. அனுபவம் உள்ளவர் வேண்டுமல்லவா?

ஸபீஹா நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தக் கை நீண்டு, அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. தொட்டிருந்தால் வீட்டுக்குப் போய்க் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே!

முக்தார் மெல்ல அவள் பக்கத்தில் வந்தார். “பந்தலப் பிரிச்சிடச் சொல்லட்டுமா தங்கச்சி?”

“வேணாம் முக்தார்,” என்றாள் அவள். “வழக்கப்படி மூணு நாளும் இருக்கட்டும். அவரு மௌத்தாயிட்டாரு.”

அப்புறம் பெண்கள் பக்கம் போய், மாமியார் மடியில் விழுந்து, வாய்விட்டு அழுதாள்.