பெட்டி எழுந்திருக்கும் வரை

அக்காவின் கணினி எழுந்திருப்பதற்குள் ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்கெல்லாம் காஜா எடுத்து முடித்துவிடலாம் என்று நான் கேலி செய்வதுண்டு. அது தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், நூல்கண்டுகளுக்கு நடுவே இருக்கும். அத்தான் வாங்கியது. அவர் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வீடியோவில் பேசுவார்கள். இப்போது அந்த வீடியோ இணையப்பக்கம் திறக்கவே மறுத்தது. உங்கள் கணினி மிகப் பழையது என்றது.

“செல்லுல பேசேன்,” என்றேன்.

“அதுல அவர் மூஞ்சி பட்டன் சைஸுக்குத்தான் தெரியுது. தாடி இருக்கா இல்லையான்னே சொல்ல முடியல.”

அதனால் பென்டிரைவில் லினக்ஸைக் கொண்டுபோனேன். கணினியில் கோளாறு இல்லை, அதை நடத்தும் அடிப்படை நிரல்தான் கிழடாகிவிட்டது, அந்த இடத்தில் உட்காரக்கூடிய இன்னொன்று இது என்று விளக்கினேன். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓடும். உள்ளே இருப்பதைத் தொடாது.

“தைக்கறதுக்கு முன்னால நூலோட்டிப் போட்டுப் பாக்கறது,” என்றாள் அக்கா.

அதேதான். இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

சோதனைக்கு என் செல்போனிலிருந்து அழைத்தோம். திரை நிறைய என் முகம் வந்தது. “இவ்வளவு பெருசாவா வரணும்?” என்றாள்.

பிறகு நிரந்தரமாகப் பதிய ஆரம்பித்தேன். பழையதை முழுவதும் அழிக்கவா, அதன் பக்கத்திலேயே புதியதற்கு இடம் ஒதுக்கவா என்று திரை கேட்டது. போட்டோக்களையெல்லாம் ஏற்கெனவே நகல் எடுத்திருந்ததால் அழிப்பதுதான் சுத்தம் என்றேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அது இருக்கட்டும்டி.”

“அந்த ஆமையை வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப்போற?”

ஊசியை மேசைவிரிப்பில் குத்திவைத்தாள். “உங்க அத்தான் வாயைத் திறக்கறதே அது எழுந்திருக்கற நேரத்துலதான். இங்க இருந்தப்போ ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் சுவிட்சைப் போடுவார். முக்காலியில உக்காருவார். வேற எதுவும் செய்ய முடியாதுல்ல, அதனால பேசுவார். திரையில படம் வந்துட்டா அவ்வளவுதான், மனுஷன் அதுக்குள்ள போயிடுவார்.” பென்டிரைவைக் காட்டினாள். “இது கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்து நிக்குது. திரும்பி வந்தா அவர் எப்பப் பேசுவார்?”

வருடக்கணக்கில் சேர்ந்த நிரல்களையெல்லாம் ஒவ்வொன்றாக எழுப்புவதால்தான் பழையது அத்தனை தாமதம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்திலேயே இடம் ஒதுக்கினேன். இனி சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். நாம் சும்மா இருந்தால் சில நொடிகளில் தானே புதியதைத் திறந்துவிடும்.

“ஏன் விரட்டுது?” என்றாள்.

அமைப்பில் ஒரு வரியை மாற்றினேன். அதன்பின் அது அவள் விசையை அழுத்தும்வரை காத்து நின்றது.

ஞாயிறு மாலை அத்தான் வந்தார், திரை நிறைய. தாடி இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. அக்கா முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“அதுக்குள்ள பெட்டி எழுந்துடுச்சா?” என்றார் அவர்.

“புதுசு. உங்களோடதும் உள்ளயே இருக்கு.”

“இருக்கா?” என்றவர் கொஞ்சம் சிரித்தார். “நான் வர்ற வரைக்கும் அழிச்சுடாத.”

“எப்ப வருவீங்க?”

சொல்லத் தொடங்கினார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு எழுந்தார். திரை காலியானது.

அக்கா கணினியை அணைத்து, மறுபடி போட்டு, பழையதைத் தேர்ந்தெடுத்தாள். அது முனகத் தொடங்கியதும் காஜா எடுக்க வேண்டிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார அத்தானின் முக்காலியை இழுத்தேன்.

“அது இருக்கட்டும்டி. நீ இந்தப் பக்கம் வா,” என்றாள்.