பத்தரை மணிக்குச் சோதனை

அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ரூல்ஸ். பால்கனியில் துணி காயப்போட்டால் ரூல்ஸ் பேசுவார், படியில் செருப்பு கிடந்தால் ரூல்ஸ் பேசுவார். லிஃப்ட் கதவு ஆறு மாதமாக ஆள் நிற்பதுகூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்ததற்கு மட்டும் அவரிடம் ஒரு ரூலும் இல்லை.

அந்தக் கதவில்தான் மூன்றாம் மாடி நர்ஸின் கணவருக்கு வலது கை மாட்டியது. கை இடுக்கில் இருக்கும்போதே லிஃப்ட் அரை அடி ஏறி நின்றுவிட்டது. ஒன்பதே முக்காலுக்கு மாட்டியவரைத் தீயணைப்பு ஆட்கள் வந்து கதவை அறுத்து மீட்கும்போது மணி பதினொன்றேகால். அவ்வளவு நேரமும் அவர் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர். ரூல்ஸும் நின்றார், எட்டத்தில். "பாத்து ஏற வேண்டாமா மனுஷன்?" என்று அவர் கேட்டதை நர்ஸ் தன் காதாலேயே கேட்டாள்.

இரண்டு விரல்கள் போயின. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் வீட்டில் உட்கார்ந்தார். அவர் கவனக்குறைவாகத் தானே கையை உள்ளே விட்டார் என்று சங்கம் எழுத்துமூலம் சொன்னது. சொன்னதைப் பத்துப் பேர் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் அவரே ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒருவேளை நாந்தான் கைய விட்டுட்டேனோ?" என்றார். விரல் போனதைக்கூட நர்ஸ் ஒருவழியாக ஜீரணித்திருந்தாள். இதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. மனுஷனின் விரலையும் எடுத்து, பழியையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்களே!

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. லிஃப்டை மாதாமாதம் சோதித்ததற்குப் பதிவேடு இல்லையென்றால், ஏற்கெனவே நடந்த விபத்துக்கும்கூடக் கட்டடத்தை நடத்துகிறவர்களே பொறுப்பு. பதிவேடு இருந்தால், தப்பு தன்னுடையது இல்லை என்று அடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் யார் கேட்டாலும் பதினைந்து நாளுக்குள் பதிவேட்டின் நகலைக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தாக வேண்டும். நர்ஸ் மறுநாளே கேட்டு எழுதினாள். அந்த லிஃப்டுக்கு மெக்கானிக் வந்ததே வருடத்துக்கு இரண்டு தடவைதான் என்பது காவலாளி முதல் எல்லோருக்கும் தெரியும். இல்லாத பதிவேட்டை எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்று பார்த்துவிடலாம் என்றிருந்தாள்.

கொண்டுவந்துவிட்டார்கள். பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தரைத்தளத்துச் சங்க அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. எல்லோரும் படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள். நர்ஸைப் பார்த்ததும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் செல்போனில் அவசர வேலை வந்துவிட்டது.

"நீங்க கேட்டது. அசலும் இருக்கு, நகலும் இருக்கு," என்று ரூல்ஸ் பதிவேட்டை மேஜையில் விரித்து வைத்தார். "இங்க எல்லாம் முறைப்படிதாம்மா நடக்கும்."

பதினெட்டு வருடம் வார்டில் பதிவேடு எழுதியவளின் காதில் பூச் சுற்றப் பார்த்தார்கள். நாளுக்கு நாள் எழுதிய ஏடு அழுக்காக இருக்கும். அடித்தல் இருக்கும், டீக்கறை இருக்கும், பேனா மாறும். இதுவோ மடிப்புக்கூட விழாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே நீல மையில், ஒரே சாய்வில், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி. கதவு, கயிறு, பிரேக் எல்லாம் சரி. மெக்கானிக் கையெழுத்து, செயலாளர் கையெழுத்து, சாட்சியாகக் குடியிருப்பவர் ஒருவர் கையெழுத்து.

விபத்து நடந்ததும் ஒரு ஏழாம் தேதிதான். அவள் அந்த மாதத்து வரியைத் தேடிப் பிடித்தாள். அதுவும் இருந்தது. சோதனை நேரம் பத்தரை மணி, கதவு சரி. பொய் எழுதுவதற்குக்கூடக் காலண்டரைப் பார்க்கத் துப்பில்லாத கூட்டம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் முத்திரையும் வேணுமே சார். சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"தாராளமா!" ரூல்ஸுக்கு முத்திரை குத்துவது என்றால் அலாதிப் பிரியம். ஒவ்வொரு பக்கத்திலும் ஓங்கிக் குத்தினார். நர்ஸ் நகலை வாங்கிக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"அன்னிக்குப் பத்தரைக்கு என் புருஷன் கை அந்தக் கதவுலதான் இருந்துச்சு. மெக்கானிக் எங்க நின்னு சோதிச்சாரு சார்? என் புருஷன் முதுகு மேலயா?"

செல்போன்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. ரூல்ஸ் நகலைப் பிடுங்குவதற்குக் கையை நீட்டினார். அவள் அதைக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

"தேதி தப்பா விழுந்துடுச்சும்மா... நமக்குள்ள பேசிக்கலாமே, தங்கச்சி."

"இப்பத்தான் தங்கச்சியா?"

அவள் அவரைத் தாண்டிப் பார்த்தாள். அந்த வரியில் இருந்த சாட்சிக் கையெழுத்து அவளுக்குப் பழக்கமானது. மருந்துக்கடை ரசீதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அந்த மனிதர் கடைசி வரிசையில், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பத்தரைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ரூல்ஸ் தொண்டையைச் செருமினார்.

"உன் வீட்டுக்காரர் தோளப் பிடிச்சுக்கிட்டு இருந்தேம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர். "கதவு தானா மூடிச்சு. நான் பாத்தேன்."

"கையெழுத்து எப்பப் போட்டீங்க?"

"நேத்து சாயங்காலம்."

தலை குனிந்திருந்தார், கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அவர்மேல் துளிகூட இரக்கம் வரவில்லை. அன்றைக்கு அந்தத் தோளைப் பிடித்த கையால்தானே இதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்?

"இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? மேல வந்து அவர்கிட்ட சொல்லுங்க."

அவர் எழுந்து வந்தார். மூன்று மாடி ஏறி முடிக்கும்வரை அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.