மயிலை முட்டாத கன்னம்

முந்நூற்று முப்பத்தாறு மணி நேரம் அந்த எக்ஸ்ரே படம் இருட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. பதினான்கு நாள் என்றும் சொல்லலாம். நான் மணிக்கணக்கில்தான் காத்திருந்தேன். சென்னை ஆய்வகத்தின் இருட்டறையில் படத்தைக் கழுவி விளக்கில் பிடித்தபோது இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று வெளிறியிருந்தது. மற்றது நல்ல கறுப்பு.

இரண்டும் ஒரே பெண்ணின் கன்னத்துச் சதை, கதிரியக்கக் குறியிட்டபின் படத்தில் பதித்த தடம். முதலாவது, வாய்க்குள் வெறும் வெள்ளைத் தடிப்பாக இருந்தபோது, 1970இல் மருத்துவமனையில் எடுத்தது. இரண்டாவது, 1972 தொடக்கத்தில், அது புற்றாகக் கட்டியபின் அறுத்தது. அந்தப் பெண் என் சின்னம்மா சோலையம்மாள்.

சதையை ஆய்வுக்குத் தர முடியுமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது சின்னம்மா கட்டிலில் படுத்தபடி சிரித்தார்.

"என்னத்தா செய்யப் போற, கொழம்பா வைக்கப் போற? எடுத்துக்க. நல்லா இருக்கறத மட்டும் எனக்கு விட்டுவை."

இது வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். ஊருக்குத் தெரிந்த கதை வேறு. இடது கன்னத்தில் காதுவரை தையலோடு சின்னம்மா அரியக்குடிக்குத் திரும்பியது தை மாதம். சுற்று வட்டாரமெல்லாம் மஞ்சுவிரட்டு நடந்துகொண்டிருந்தது. "மாடு முட்டிருச்சா?" என்று யாரோ கேட்க, சித்தப்பா வீரையா, "ஆமப்பா, நம்ம மயிலைதேன்" என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் சென்னைக்குக் கூட்டிப்போனோம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சித்தப்பா வீட்டுக் காளை மயிலை பரம சாது. பிள்ளைகள் அதன் வாலைப் பிடித்துத் தொங்கும். ஆனால் அன்றிலிருந்து அதற்குப் பேர் வந்துவிட்டது. மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிட்டால் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். அது யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேரே வீட்டுக்கு நடந்து வந்தது. பிடிபடாத மாடு என்று அதற்கு மாலை போட்டார்கள். அந்த மாட்டு வீட்டில்தான் சம்பந்தம் வைக்க வேண்டும் என்று இளையாத்தங்குடியிலிருந்து பொன்னழகு என்ற அம்மாள் தன் மகனுக்கு அழகியைக் கேட்டு வந்தார். அழகி சின்னம்மாவின் ஒரே மகள்.

புற்று வந்த வீட்டில் எங்கள் பக்கம் யாரும் பெண் எடுப்பதில்லை. தொத்தும் என்பார்கள், வழிவழியாக வரும் என்பார்கள்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் மூச்சு விடாத" என்றார் சின்னம்மா. "ஒனக்குச் சொல்லவே வேணாம். நீ சும்மாவே வாயத் தொறக்க மாட்ட."

1974 ஆவணியில் காரைக்குடியில் ஒரு கல்லூரியும் மாதர் சங்கமும் சேர்ந்து என்னைப் பேச அழைத்தன. நான் மறுக்கத்தான் நினைத்தேன். சின்னம்மா விடவில்லை. முன்வரிசையில் அழகியோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பொன்னழகு.

"எங்க அக்கா மக, மதினி. புத்துநோய்க்கே ஆராய்ச்சி பண்றா" என்று சின்னம்மா அவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது. முந்தானை வழக்கம்போல இடது கன்னத்தை மூடியிருந்தது.

நான் மைக்கின் கழுத்தைப் பார்த்துப் பேசினேன்.

"நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. பெரிய வீட்டில் எத்தனையோ அறைகள் இருப்பதுபோல. ஆனால் எல்லா அறையும் எப்போதும் திறந்திருக்காது. கருவில் வளரும்போது திறந்திருக்கும் ஓர் அறை, பிறந்தபின் பூட்டிக்கொள்ளும். திரையில் விழும் படத்தைப் பாருங்கள். வெளிறிய கோடு வாய்க்குள் வந்த வெள்ளைத் தடிப்பு, கறுப்புக் கோடு புற்று. வெள்ளைத் தடிப்பில் அந்தப் பூட்டு சற்றே நழுவியிருக்கிறது. புற்றில் கதவே திறந்து கிடக்கிறது. ஒரே ஆளிடம் முன்னும் பின்னும் எடுத்ததால்தான் இது தெரிந்தது. பூட்டு எப்படித் திறக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. புகையிலை அடக்கும் பக்கத்தில்தான் புற்று பெரும்பாலும் வருகிறது என்பது தெரியும்."

கூடத்தில் மெல்லும் சத்தம் நின்றது.

"ஏ தேனம்மை, ஒன் வாய்ல என்னடி?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"வெறும் வெத்தலதேன். ஒனக்கென்ன, நீ முழுங்கு மொதல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னழகு சிரிக்கவில்லை. அவர் கை இடது தாடையில் இருந்தது. மெல்ல எழுந்தார்.

"ஏத்தா, அந்த வெள்ளைத் தடம்... காரம் பட்டா எரியுமா?"

"எரியும். அப்போதே சென்னை மருத்துவமனைக்கு வந்து காட்டிவிட வேண்டும். புகையிலையை விட வேண்டும்."

"காட்டி? இந்தப் படத்துல இருக்கவுக, இப்ப இருக்காகளா, போயிட்டாகளா?"

"நன்றாக இருக்கிறார்."

"தைரியத்துக்குச் சொல்ற. எங்குட்டு இருக்காக?"

பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சின்னம்மா பக்கம் பார்த்தால் அதுவே சொன்னதாகிவிடும். மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புத்து வந்து எவ பொழைச்சா?" என்றது பின்வரிசைக் குரல். "பொணத்துல எடுத்திருப்பாக. அந்தப் புள்ள சொல்லக் கூசுது."

பொன்னழகு தலையை ஆட்டினார்.

"அதேன். சாகுறதுக்கு எதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகணும்?" என்று உட்கார்ந்து, புகையிலையை மறுபடி கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டார்.

சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழகியைப் பார்த்தார். அழகி தன் மடியில் இருந்த அம்மாவின் கையை எடுத்து, போ என்பதுபோல மெதுவாக விட்டாள்.

சின்னம்மா எழுந்து மேடைக்கு வந்தார். திரைக்கு முன்னால், படம் விழும் வெளிச்சத்தில் நின்றார். அவருக்குக் கண் கூசியது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். அந்தத் தழும்பை நான் அதுவரை பகலில் முழுதாகப் பார்த்ததில்லை. கறுப்புக் கோடு அதன் குறுக்கே விழுந்தது.

மைக்கை நகர்த்திக் கொடுத்தேன். அவர் அதைத் தள்ளிவிட்டார். வயலில் ஆள் கூப்பிடுகிற குரல் அவருக்கு.

"மதினி, எங்க மயிலை ஒரு ஈயக்கூட முட்டாது. அந்தா தெரியுதே, அந்தக் கோடு ரெண்டும் என் கன்னந்தேன். இவளுக்கு நாந்தேன் குடுத்தேன். எனக்குத்தேன் புத்து வந்துச்சு. இந்தா நிக்கிறேன், பாருங்க."