கதவால் போன கள்ளன்

கள்ளன் கதவை உடைத்துக்கொண்டுதான் உள்ளே போயிருந்தான்.

விடியக் காலையில் வேப்பங்குச்சியால் பல் விளக்கியபடி வந்த சீவரத்தினம் அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். ஆமைப்பூட்டு நெளிந்துபோய்ப் படியில் கிடந்தது. நாதாங்கி ஒற்றை ஆணியில் தொங்கியது. கதவுப் பலகையில் அலவாங்கு வைத்து நெம்பிய இடம் பச்சைக் காயம்போல் தெரிந்தது. உள்ளே வைத்திருந்த ஒரேயொரு சீமெந்துப் பையைக் காணவில்லை. மூன்று மாதம் அலைந்து, கொடிகாமம் சந்தையில் இரண்டு கிடாய் ஆட்டின் விலை கொடுத்து, தேங்காய்ச் சாக்குக்குள் மறைத்துக் கொக்குவில்வரை சைக்கிளில் உருட்டி வந்த பை அது. அழவேண்டிய மனிதர். ஆனால் அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“மகாதேவி! ஓடி வா! எங்கடை வீட்டை உடைச்சுப் போட்டாங்கள்!”

அவருடைய மனைவி மகாதேவி பின்வளவுக் கொட்டிலிலிருந்து வந்தாள். வந்தவள் வழக்கம்போல வீட்டை ஊடறுத்து நேரே நடந்து வந்து வாசலில் நின்றாள்.

“சுவர், சுவர்!” என்று சீவரத்தினம் கத்தினார். “எத்தினை தரம் சொல்லுறது, சுவருக்குள்ளாலை நடவாதை எண்டு!”

“எங்கை கிடக்கு சுவர்?” என்றாள் மகாதேவி.

நியாயமான கேள்விதான். அந்த வீட்டுக்கு ஓட்டுக் கூரை இருந்தது. வாசற் கதவு இருந்தது. எட்டு யன்னல்கள் கம்பியும் கொண்டியும் பூட்டி, திறந்து சாத்தக்கூடியதாக இருந்தன. சுவர் மட்டும் இல்லை.

எப்படி என்று கேட்டால், ரயில்தான் காரணம். சீவரத்தினம் முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் இருந்து, ஸ்ரேசன் மாஸ்ரராக இளைப்பாறியவர். மகள் ஞானாம்பிகைக்குச் சீதனமாகக் கல்வீடு கட்டத் தொடங்கியபோது, மற்றவர்கள் செலவுக் கொப்பி போடுவதுபோல அவர் ஒரு நேர அட்டவணை போட்டார். இடப்பக்கம் வேலையின் பெயர். வலப்பக்கம் வரும் தேதி, புறப்படும் தேதி. அத்திவாரம் தை பத்தில் வந்து மாசி இருபதில் புறப்படும். வாசல் நிலை பங்குனியில். சுவர் ஆனியில் வந்து ஆவணியில் புறப்படும். அதன் பின்னால் கூரை, யன்னல், கதவு.

அத்திவாரம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நிலையும் நல்ல முகூர்த்தத்தில், மாவிலை கட்டிக்கொண்டு எழுந்து நின்றது. ஆனால் அது தொண்ணூறாம் ஆண்டு. சுவர் வரவேண்டிய ஆனியில் சண்டை வந்தது. ரயில் நின்றது. யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து போகக்கூடாது என்று தடையும் வந்தது.

மேசன் கிறகோரி தூக்குக்குண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு விடைபெற வந்தான். “சீமெந்து வந்தாச் சொல்லி அனுப்புங்கோ மாஸ்ரர். களிமண்ணிலை கட்டச் சொல்லி மட்டும் கேளாதேங்கோ. இது மணிக்கூட்டுக் கோபுரம் கட்டின கை.”

வேறு யாராக இருந்தாலும், சரி, எல்லா வேலையையும் கொஞ்சக் காலம் நிறுத்தி வைப்போம் என்றிருப்பார்கள். சீவரத்தினம் சொல்லவில்லை. ஒரு ரயில் பிந்தினால் மற்ற ரயிலை மறித்து வைக்கக்கூடாது என்பது அவர் முப்பத்தொரு வருடம் சோறு தின்ற கொள்கை. மரவேலைக்குப் பேசியிருந்த கந்தப்பு ஓடாவியாரைக் கூப்பிட்டனுப்பினார்.

“சுவர் பிந்துது. நீர் உம்மடை நேரத்துக்கு வாரும்.”

“சுவரில்லாமல் யன்னலை எதிலை கொழுவுறது மாஸ்ரர்?”

“அது சுவரின்ரை பிரச்சினை. உமக்கென்ன?”

கந்தப்பு ஒருநாள் முழுக்க யோசித்தார். பிறகு அத்திவாரத்தைச் சுற்றிப் பனந்தூண்கள் நிறுத்தி, தூணுக்குத் தூண் சட்டம் அடித்துக் கூரையை ஏற்றினார். ஓடு சண்டைக்கு முன்னமே வாங்கி அடுக்கியிருந்தது. சட்டங்களுக்கு நடுவே யன்னல்களைக் கொழுவினார். நிலைக்குக் கதவு மாட்டி, பூட்டுப் போட்டு, திறப்பை வெற்றிலையில் வைத்து நீட்டினார். அட்டவணையில் ஒருநாள்கூடப் பிந்தவில்லை.

இதைக் கேள்விப்பட்ட கிறகோரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாளே நூலும் தூக்குக்குண்டுமாக வந்து, சுவர் வரவேண்டிய இடமெல்லாம் கணுக்கால் உயரத்தில் நூல் பிடித்தான். அதன்பிறகு வாரம் ஒருமுறை வந்து நூலின் தொய்வைப் பார்த்து இறுக்கினான். அதற்கு அரைநாள் கூலியும் வாங்கினான்.

“உன்ரை சுவர் நல்ல உறுதி, கிறகோரி,” என்பார் கந்தப்பு. “புயலுக்கும் விழாது.”

“உம்மடை யன்னல் வடக்காலை சரியுது, ஓடாவியார். சுவர் எழும்பின பிறகு அழுது வேலையில்லை.”

ஊரும் பழகிவிட்டது. ரேசன் கூப்பன் பதிய வந்த ஊர் அதிகாரி விதானையார் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றார். கோயில் உபயத்துக்கு வந்தவர்கள் செருப்பைப் படியில் கழற்றினார்கள். கோழிகளும் மகாதேவியும் மட்டுந்தான் சுவரை மதிக்கவில்லை.

ஆனால் ஊர் மதித்து என்ன பயன்? மதிக்கவேண்டியவர் உடுப்பிட்டியில் இருந்தார். மாப்பிள்ளை செல்வரட்ணம் வாத்தியாரின் தாய் நாகேஸ்வரி. ஞானாம்பிகைக்கு முப்பத்தொரு வயது. பதினொரு சாதகம் பார்த்ததில் பொருந்தியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை அவளுக்கும் பிடித்திருந்தது. கோயில் தேரன்று வீதியோரம் குந்தியிருந்து, கையெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு யாரோ ஒரு கிழவரின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்த வாத்தியாரை அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு வருடமாக அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள்.

நாகேஸ்வரி ஆடம்பரக்காரி அல்ல. கல்யாணப் பேச்சுக்கால் நடந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டாள். “எனக்கு மாளிகை வேண்டாம் அண்ணை. என்ரை பெடியன் பள்ளிக்கூடம் போகேக்கை பூட்டிப்போட்டுப் போறதுக்கு ஒரு கல்வீடு. கொட்டிலுக்கை அவனை விடமாட்டன். தைக்கு முன்னம் வந்து பாப்பன். சரியில்லையெண்டாக் கோவியாதேங்கோ, கரவெட்டியிலையும் கேட்டுக்கொண்டு நிக்கினம்.”

இப்போது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஐப்பசி பிறந்துவிட்டது. இந்த நிலைமையில்தான் கள்ளன் வந்தான்.

விதானையார் வந்து பூட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு நாலு பக்கமும் பார்த்தார். “ஏன் மாஸ்ரர், உவன் பக்கத்தாலை வந்திருக்கலாமே?”

“கள்ளன்தான், ஒத்துக்கொள்ளுறன்,” என்றார் சீவரத்தினம். “ஆனா நல்ல குடும்பத்துப் பெடியன் போலை கிடக்கு.”

விதானையார் வேறு வழியில்லாமல், ‘வீட்டின் கதவை உடைத்து உட்புகுந்து களவு’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். சீவரத்தினம் அந்தக் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் அட்டவணையோடு வைத்துக்கொண்டார். போன சீமெந்துக்கு அது நட்டஈடு மாதிரி இருந்தது.

செய்தி இரண்டே நாளில் உடுப்பிட்டிக்குப் போய்த் திரும்பி வந்தது. “கள்ளர் உடைக்கிற அளவுக்கு வீடு வளந்திட்டுதெண்டு கேள்வி. வெள்ளிக்கிழமை வாறன்” என்று நாகேஸ்வரி சொல்லி அனுப்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கந்தப்பு புதுப் பூட்டோடு வந்தார். புதுப் பூட்டு என்றால், சீவரத்தினம் இளைப்பாறும்போது ஞாபகத்துக்குக் கேட்டு வாங்கிய ஸ்ரேசன் அறைப் பூட்டு. ஒருசாண் திறப்பு. கந்தப்பு அதைக் கதவில் பதித்து, வெளியே நின்று பூட்டிப் பார்த்தார். கடக் என்று பழைய காலத்துச் சத்தம் கேட்டது. அந்தத் திருப்தியில் திறப்பை மடியில் செருகிக்கொண்டு, சந்திக்குப் பீடி வாங்கப் போய்விட்டார்.

உள்ளே சீவரத்தினமும் ஞானாம்பிகையும் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு படலையில் வந்து நின்றது.

நாகேஸ்வரி இறங்கி, வந்த ஒழுங்கையைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், நேரே வந்து கதவைத் தட்டினாள்.

“ஆர் உள்ளுக்கை?”

சீவரத்தினத்துக்கு அவளுடைய சேலைக்கரை கதவின் விளிம்புக்கு அப்பால் தெரிந்தது. இரண்டு எட்டு வைத்தால் வெளியே போய், வாங்கோ என்று கூட்டிவரலாம். ஆனால் அந்த இரண்டு எட்டை வைத்தால் வீடு போய்விடும். வீடு போனால் செல்வரட்ணம் கரவெட்டிக்குப் போய்விடுவான். அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையை மெல்ல ஆட்டினாள்.

“மாமி, கதவு பூட்டிக் கிடக்கு,” என்றாள் ஞானாம்பிகை, கதவைப் பார்த்து. “திறப்பு ஓடாவியாரிட்டை. கொஞ்சம் நில்லுங்கோ.”

“பூட்டிப்போட்டே உள்ளுக்கை இருக்கிறியள்?”

“கள்ளர் பயம், மாமி.”

ஐப்பசி மழை ஒன்றிரண்டு துளியாக ஓட்டில் விழத் தொடங்கியது, பிறகு கொட்டியது. நாகேஸ்வரி தாழ்வாரத்தை ஒட்டி இடப்பக்கமாக நகர்ந்தாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. இப்போது கதவும் இல்லை, யன்னலும் இல்லை. அவளும் சீவரத்தினமும் நேருக்கு நேர் நின்றார்கள். நடுவில் கணுக்கால் உயரத்தில் ஒரு நூல். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் சுவர் இருப்பதுபோல ஓரிடத்தை உற்றுப் பார்த்தபடி நின்றார்.

அந்த வாரத்து முறைக்கு வந்து மூலையில் நூலை இறுக்கிக்கொண்டிருந்த கிறகோரி தலையை நிமிர்த்தினான். “பாத்து அம்மா. சுவர்.”

நாகேஸ்வரி நூலைப் பார்த்தாள். கிறகோரியைப் பார்த்தாள். தூவானம் அவளுடைய தோளை நனைத்தது.

அந்த நேரத்தில்தான் மகாதேவி தேத்தண்ணித் தட்டத்தோடு கொட்டிலிலிருந்து புறப்பட்டாள். மழைக்குக் குனிந்துகொண்டு, இரண்டு வருடமாக நடந்த அதே வழியால், பின்சுவரை நோக்கி விறுவிறென்று வந்தாள். சீவரத்தினத்துக்கு உயிர் போய்விட்டது. கத்தவும் முடியாது. மகாதேவி நூலடிக்கு வந்தாள், ஒரு காலைத் தூக்கினாள், எதிரே மழைக்குள் நின்ற நாகேஸ்வரியைக் கண்டாள்.

தூக்கிய கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பழைய இடத்திலேயே இறங்கியது. அவள் திரும்பி, கொட்டும் மழையில் வீட்டை முழுதாகச் சுற்றிக்கொண்டு வந்து முன்படியில் ஏறினாள்.

“திறப்பு வரேல்லையே இன்னும்?” என்றாள். “என்ன செய்யிறது மச்சாள், பூட்டின வீடு. எங்களுக்கும் இதே கரைச்சல்தான்.”

நாகேஸ்வரி அவளுடைய நனைந்த தலையையும் மழைநீர் நிறைந்து வழிந்த கோப்பைகளையும் பார்த்தாள். பிறகு கதவடிக்குத் திரும்பி வந்து மகாதேவிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“நிப்பம்,” என்றாள். “கள்ளனே கதவாலை போன வீடு. நான் என்ன, கள்ளனிலும் கேவலமே?”

ஞானாம்பிகை யன்னலைத் திறந்தாள். மகாதேவி வெளியே நின்றபடி ஒரு கோப்பையைக் கம்பிக்கிடையால் நீட்டினாள். கம்பியில் தட்டி மிச்சத் தேத்தண்ணியும் சிந்தியது.

கந்தப்பு பீடியைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு ஓடிவந்து கதவைத் திறந்தார். நாகேஸ்வரி வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். கதவைத் தட்டிப் பார்த்தாள். கூரைத் தீராந்தியை அண்ணாந்து பார்த்தாள். எட்டு யன்னல்களையும் திறந்து சாத்தினாள். பிறகு பாயின் நடுவில் வந்து நின்றாள். நாலு பக்கத்தாலும் சாரல் அடித்து அவளுடைய சேலை படபடத்தது. சீவரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வீடு நல்லாத்தான் கிடக்கு அண்ணை. தையிலை நாள் வைக்கலாம். ஆனா ஒரு குறை.”

“சொல்லுங்கோ.”

நாகேஸ்வரி முந்தானையால் முகத்துக்கு விசிறிக்கொண்டாள். “உள்ளுக்கை சரியான புழுக்கம். எட்டு யன்னல் காணாது. என்ரை பெடியனுக்கு வேர்வை ஒத்துக்கொள்ளாது. மேற்குச் சுவரிலை இன்னுமொண்டு வேணும்.”

சீவரத்தினம் சட்டைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்தார். ஒன்பதாவது யன்னல் மார்கழி ஐந்தில் வரும் என்று பென்சிலால் எழுதினார். கந்தப்பு பெருமையோடு கிறகோரியைப் பார்த்தார்.

கிறகோரி மேற்குப் பக்கத்து நூலருகே குந்தியிருந்து, அதை விரலால் சுண்டிப் பார்த்து, வாயைப் பிதுக்கினான்.

“யன்னல் வைக்கிறதெண்டாச் சுவரை இடிக்கோணும் மாஸ்ரர்,” என்றான். “அது தனிக் கூலி.”

“எவ்வளவு?” என்று கேட்டார் சீவரத்தினம்.