மணியம்மையின் ஏழாம் எந்திரம்

மணியம்மை சிரித்தால் நூல் தடித்தது. திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகும் சாலையிலுள்ள நூற்பாலையில், அவள் பார்த்துக்கொண்ட ஏழாம் எந்திரத்தின் நூல் சுற்றும் அத்தனை கதிர்களிலும் ஒரே நொடியில் தடித்தது. புன்னகைக்குக் கால் பங்கு, வாய்விட்டுச் சிரித்தால் இரண்டு மடங்கு. இதைக் கண்டுபிடித்தவள் ஆய்வறை அனுசுயா. இரண்டு தகடுகளுக்கு நடுவே நூலை ஓடவிட்டு, அதன் பருமனையும் மெலிவையும் கோடாக வரைந்து காட்டும் கருவி அவள் பொறுப்பில் இருந்தது. ஏழாம் எந்திரத்தின் கோடு மட்டும் மேடும் பள்ளமுமாக வரவே, ஒரு நாள் முழுக்கக் கடிகாரத்தோடு மணியம்மை பக்கத்தில் நின்று பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள்.

மேலாளர் குணசேகரன் மணியம்மையைக் கூப்பிட்டு, இனிச் சிரித்தால் வேலை இல்லை என்றார். "நான் இன்னா சார் பண்ணட்டும்? ஃபிட்டர் பிரேம்குமாரு உங்கள மாரியே நடந்து காட்டிகினு போறான்" என்றாள் அவள். பிரேம்குமாரை வேறு கூடத்துக்கு மாற்றினார்கள். மணியம்மை பதினோரு நாள் சிரிப்பை அடக்கினாள். நூலும் மெலிந்தது, அவளும் மெலிந்தாள். வளையல்கள் முழங்கைக்கு ஏறின. பன்னிரண்டாம் நாள் நூல் கண்ணுக்கே தெரியவில்லை. கருவி மட்டும் அது இருப்பதாகச் சொன்னது. தான் எழுதிக் கொடுத்ததால் வந்த வினை என்று அனுசுயாவுக்குச் சோறு இறங்கவில்லை. சமமாக இல்லை என்று கடைகள் திருப்பி அனுப்பியிருந்த பழைய தடித்த நூலில், கூம்பாகச் சுற்றிய இரண்டு கோன்களை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

அங்கே அவள் பெரியப்பா கோதண்டம் தறி வைத்திருந்தார். நூலை விரலில் ஓட்டிப் பார்த்தவர், "இத்த ஏம்மா வாணான்றாங்க?" என்று கேட்டார். அவர் நெய்த துண்டில் காற்று பட்ட ஏரித் தண்ணீர்போல் சிற்றலைகள் விழுந்திருந்தன. தோளில் போட்டால் மணியம்மையின் குரலில் மெல்லச் சிரித்தது.

அனுசுயா கொண்டுவந்து கொடுத்ததும் குணசேகரன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "இது எப்போ சிரிச்சது?"

அனுசுயா அன்று நேரம் குறித்து வைத்த வரைகோட்டைப் பார்த்தாள். "நீங்க மாடிப்படி ஏறும்போது, சார்."

அவர் துண்டைக் கழற்றவில்லை. "இன்னும் எத்தனை கோன் இருக்கு?" என்றார்.

பிரேம்குமார் மறுநாளே ஏழாம் எந்திரத்துக்குத் திரும்பினான். ஒரு மாதத்தில் மணியம்மைக்கு உடம்பு தேறியது. சென்னைக் கடைகள் இப்போது சின்னச் சிரிப்பா, பெரிய சிரிப்பா என்று சொல்லியே நூல் கேட்கின்றன. கோடு சமமாக வந்தால் அனுசுயா கோனைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். போன வாரம் வெளியூரிலிருந்து வந்த தணிக்கையாளர் ஏழாம் எந்திரத்தின் கோட்டைப் பார்த்துக் காரணம் கேட்டார். அனுசுயா சொன்னாள். அவர் படிவத்தில் 'சிரிப்பு' என்று எழுதிக்கொண்டு எட்டாம் எந்திரத்துக்குப் போனார்.