கவிழ்த்து வைத்த எழுத்துகள்

கந்தோரிலிருந்து வந்த பட்டியலில் ஆறு தலைப்புகள் இருந்தன. இராசரத்தினம் ஐந்தைத்தான் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்.

கொழும்புக் கோட்டையில் யுத்தப் பிரசாரத்தைக் கவனித்துவந்த ஒரு சர்க்கார் அலுவலகம் அது. நேசநாடான அமெரிக்காவின் பெரிய பேச்சுகளையும் சட்டங்களையும் எளிய தமிழில் சிறு புத்தகமாக்கி இரண்டாயிரம் பிரதி அச்சிட்டுத் தரவேண்டும் என்று கொட்டாஞ்சேனையில் மக்கீனின் அச்சுக்கூடத்துக்கு 1943 ஓகஸ்டில் கட்டளை வந்தது. அடிமைகளை விடுவித்த பிரகடனம், போர்க்களத்து மயானத்தில் லிங்கன் சில நிமிடமே பேசிய பேச்சு, 1933இல் ரூஸ்வெல்ற் பதவியேற்றபோது பேசியது, முதியோருக்கு உதவிப்பணம் வகுத்த சட்டம், நான்கு சுதந்திரங்கள் பற்றிய பேச்சு, நேசநாடுகளுக்கு ஆயுதம் இரவல் கொடுக்கும் சட்டம். மூன்றாவதை இராசரத்தினம் தொடவில்லை. கந்தோரில் யாரும் தமிழ்ப் புத்தகத்தை எண்ணிப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தார்.

அவர் அச்சுக்கூடம் வெளியிட்டுவந்த வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். முன்பு யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் மாஸ்ரர். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் வாடகை வீட்டில் குடியிருந்தார். பதினேழு மாதங்களாக அந்த வீட்டில் அவர் தனியே இருந்தார்.

ஈய அச்செழுத்துகளைக் கோப்பவர்களில் மூத்தவர் கொன்ஸ்ரன்ரைன். அவருடைய மனைவி பேர்ணடெற் நாள்தோறும் பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அச்சுக்கூடத்தின் இரும்புக் கேற்றில் சாப்பாட்டுக் கரியரால் இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளே வரமாட்டாள். கொன்ஸ்ரன்ரைன் கையைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கி வருவார். அவள் செத்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பன்னிரண்டரை நெருங்கும்போது கைகள் மெதுவாகும். அச்சு யந்திரம் ஓட்டுகிறவன் காரணமில்லாமல் யந்திரத்தை நிறுத்துவான். டங், டங் என்று இரண்டு தட்டு. கொன்ஸ்ரன்ரைன் மட்டும் எழுந்து போவார். வெறுங்கையோடு திரும்பி வருவார். காற்றுக்குக் கேற்றின் கொளுக்கி ஆடுகிறது என்று மக்கீன் கொளுக்கியைக் கழற்றுவித்தார். அதற்குப் பிறகும் கேட்டது.

இராசரத்தினத்துக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கக் காரணம் இருந்தது.

*

1942 மார்ச்சில் சிங்கப்பூர் விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கொழும்பு காலியாகத் தொடங்கியது. மருதானை ஸ்ரேசனில் யாழ்ப்பாண மெயிலுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த பெரியதம்பி என்ற எழுத்துக் கோப்பவன், வேலை நேரத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்:

"யப்பான்காரனுக்குப் பயந்தவன் யாழ்ப்பாணம் போறான். பெஞ்சாதிக்குப் பயந்தவன் கொழும்பிலை நிக்கிறான். என்ன மாஸ்ரர், நீங்கள் எந்தப் பக்கம்?"

"நான் இரண்டுக்கும் பயந்தவன் தம்பி. அதுதான் அச்சுக்கூடத்திலை இருக்கிறன்" என்றார் இராசரத்தினம். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு நாலு நாள் முன்பே அவர் தன் மனைவி ஜெகதீஸ்வரியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அதே மெயிலில் ஏற்றி அனுப்பியிருந்தார். மாமியாருக்குச் சுகமில்லை, பார்க்கப் போய்விட்டார்கள் என்று பல நாள் கழித்துத்தான் அச்சுக்கூடத்தில் சொல்லிவைத்தார்.

பெரிய வியாழனன்று மக்கீன் அவரைக் கூப்பிட்டார். மக்கீன் நாலாவது தலைமுறையாகக் கொழும்பில் வியாபாரம் செய்யும் குடும்பத்தவர். பயந்தால் சரக்கு விலை ஏறும், சனம் ஓடினால் கடை விழும் என்பதைத் தவிர யுத்தத்தைப் பற்றி அவருக்கு வேறு கருத்து இல்லை.

"மாஸ்டர், சனங்க எல்லாம் ஊரு ஊரா ஓடுது. சர்க்கார்லேந்தும் சொல்லி அனுப்பி ஈக்கிறாங்க, ஏதாச்சும் தைரியமா எழுதச் சொல்லி. சனிக்கிழமப் பேப்பர்ல முன்பக்கத்தில போடுங்க. பெரிய எழுத்தில."

இராசரத்தினத்துக்கு ஒன்பது வருடத்துக்கு முந்திய ரூஸ்வெல்ற்றின் பேச்சு நினைவுக்கு வந்தது. வங்கிகள் மூடிக் கிடந்த ஒரு தேசத்துக்கு அதன் புதிய ஜனாதிபதி சொன்ன வார்த்தை. அந்த ஒரு வசனத்தை எடுத்து அதன் கீழ் அரைப்பக்கம் எழுதினார். நன்றாகத்தான் எழுதினார். தலைப்பு: பயப்பட வேண்டியது பயத்துக்கு மட்டுமே.

அச்சுக்கூடத்திலிருந்த ஆகப் பெரிய எழுத்து மதராசிலிருந்து வந்தது. ஒவ்வொன்றிலும் மூன்றோ நாலோதான் இருந்தன. கொன்ஸ்ரன்ரைன் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தார். கோத்து முடித்து, இடமிருந்து வலமாகத் தலைகீழாக இருந்த வரியை விரலால் தொட்டு வாசித்தார்.

"மாஸ்ரர், பேர்ணடெற்றைச் சனிக்கிழமை சிலாபத்துக்குத் தமக்கை வீட்டை அனுப்புவம் எண்டு நினைச்சனான். பெட்டி கட்டிப்போட்டாள். அனுப்பவோ, விடவோ?"

அப்போது அங்கே பெரியதம்பி நின்றான். மக்கீனும் கதவடியில் நின்றார். இராசரத்தினத்தின் கையில் மை காயாத கட்டுரை இருந்தது.

"நாங்களே ஓடினால் மற்றவனுக்கு என்னத்தைச் சொல்லுறது, கொன்ஸ்ரன்ரைன்? உயிர்த்த ஞாயிறையும் கொண்டாடிப்போட்டுப் பிறகு யோசியும்."

ஞாயிறு காலை பூசை முடிந்து சனம் தெருவில் நின்றபோது விமானங்கள் வந்தன. நம்முடையவை, பயிற்சிக்குப் பறக்கின்றன என்று அண்ணாந்து பார்த்தார்கள். கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்கும் இரத்மலானைக்கும் போனவை போக, துறைமுகத்துக்குக் குறிவைத்துப் போட்ட குண்டு ஒன்று தவறிக் கொட்டாஞ்சேனையில் ஒரு சந்தில் விழுந்தது. பேர்ணடெற் அந்தச் சந்தில் பால் வாங்க நின்றாள்.

அச்சுக்கூடத்தில் சுவர் வெடித்தது. எழுத்துப் பெட்டிகள் சரிந்து கொட்டின. மறுகிழமை கூட்டிப் பொறுக்கியபோது பெரிய எழுத்தில் பல குறைந்திருந்தன. தெருவோரக் கழிவுக் கானுக்குள் போய்விட்டது என்றார்கள். யுத்தம் முடியும்வரை மதராசிலிருந்து புதிது வராது. அதன்பின் பெரிய தலைப்பு வரும்போதெல்லாம், இல்லாத எழுத்தின் இடத்தில் வேறொரு எழுத்தைக் கவிழ்த்து வைத்து, பிழை பார்க்கத் தாளில் ஒற்றிப் பார்ப்பார்கள். எழுத்தின் அடிப்பாகம் மையேறி, ஒற்றிய தாளில் இரண்டு கறுத்த அடையாளம் விழும். பிறகு அந்தத் தலைப்பைச் சிறிய எழுத்துக்கு மாற்றுவார்கள். எல்லா அச்சுக்கூடத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இராசரத்தினம் வெள்ளவத்தை வீட்டில், வெளிச்சம் வெளியே தெரியாமல் கறுப்புத் துணி அடித்த ஜன்னலுக்குக் கீழே படுத்திருக்கும்போது, அந்த இரண்டு கறுத்த அடையாளங்களும் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜெகதீஸ்வரி மாதம் ஒரு கடிதம் எழுதினாள். இனி வரட்டுமா என்று கேட்டாள். வா என்று எழுத அவரால் முடியவில்லை. பிள்ளைகளோடு அவள் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒருநாள் வந்தால், கொன்ஸ்ரன்ரைன் கண்டால், எப்போது போனீர்கள் என்று கேட்டால்?

பதினேழு மாதமாக அவர் பயந்தது அந்த ஒரு கேள்விக்கு.

*

புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கோக்க மக்கீன் கந்தோர்ப் பட்டியலையே கொன்ஸ்ரன்ரைனிடம் கொடுத்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணியளவில் கொன்ஸ்ரன்ரைன் அதை எடுத்துக்கொண்டு மாஸ்ரரின் மேசைக்கு வந்தார்.

"இதிலை ஆறு கிடக்குது. நீங்கள் தந்தது அஞ்சு."

"ஒண்டு தேவையில்லை எண்டு விட்டனான்."

"முப்பத்துமூண்டாம் ஆண்டுப் பேச்சு."

"ஓம்."

கொன்ஸ்ரன்ரைன் ஒரு வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மாஸ்ரருக்கு முன்னால் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"மாஸ்ரர், உங்கடை வீட்டுக்காரரும் பிள்ளையளும் எப்ப யாழ்ப்பாணம் போனவை?"

இராசரத்தினம் பேனையின் மூடியைத் திருகினார். மாமியார் என்று தொடங்கினார். அந்தச் சொல்லோடு நின்றுவிட்டார்.

"நீங்கள் சொல்லவேண்டாம். போன வருசம் மார்ச் மாதம் என்னட்டை வந்து பக்கம் கட்டுற கயிறு கேட்டியள். புத்தகம் கட்ட எண்டு சொன்னியள். நான் பன்னிரண்டு முழம் அளந்து தந்தனான். புத்தகத்துக்குப் பன்னிரண்டு முழம் தேவையில்லை. அது றங்குப் பெட்டிக்கு வாற அளவு. மூண்டு பேரின்ரை உடுப்பு."

பக்கம் கட்டும் கயிறு மெழுகு பூசிய மெல்லிய கயிறு. கோத்த எழுத்து சிதறாமல் சுற்றிக் கட்டுவது. அச்சுக்கூடத்துக்கு வெளியே யாரும் அதைப் பாவிப்பதில்லை. ஆனால் அதைப்போல அறாத கயிறு கடையில் கிடைக்காது. அதனால்தான் அவர் அதைக் கேட்டார்.

"அப்ப உமக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் என்னட்டை அனுப்பவோ விடவோ எண்டு கேட்டனீர்?"

"நீங்கள் அனுப்பு எண்டு சொல்லுவியள் எண்டுதான் கேட்டனான். எல்லாருக்கும் முன்னாலை இல்லாட்டிலும், பிறகு தனிய வந்து காதுக்குள்ளை சொல்லுவியள் எண்டு பின்னேரம் மட்டும் நிண்டனான். பெரியதம்பி கேட்டான், என்ன அண்ணை, இண்டைக்குப் போற நோக்கமில்லையோ எண்டு."

மற்ற மேசைகளில் எழுத்து விழும் சத்தம் நின்றிருந்தது. பெரியதம்பி தலை குனிந்துகொண்டான்.

"பிறகு நானே கோத்த வரியைப் பார்த்தன். இவ்வளவு பெரிய எழுத்திலை வந்தால் அது பொய்யாய் இராது எண்டு எனக்குப் பட்டுது. முப்பது வருசமா மற்றவன்ரை சொல்லைக் கோக்கிறன் மாஸ்ரர். நம்பாமல் கோக்க ஏலாது. சனிக்கிழமை பேப்பரைக் கொண்டுபோய் அவளுக்கு வாசிச்சுக் காட்டினன். கெட்டிக்காரன் உங்கடை மாஸ்ரர் எண்டு சொல்லிச் சிரிச்சாள். பெட்டியை அவிட்டாள்."

இராசரத்தினம் பேனையை மேசையில் வைத்தார். சொல்ல நினைத்தவை எல்லாம் பத்திரிகைக்கு எழுதும் வசனங்களாக இருந்தன.

"கானுக்குள்ளை ஒரு எழுத்தும் போகேல்லை" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "அந்த வரியை நான் கட்டோடை எடுத்துவச்சிருந்தனான். மாதம்பிட்டிச் சேமக்காலையிலை அவளைப் புதைக்கேக்கை கால்மாட்டிலை வச்சு மூடினது. ஏன் செய்தன் எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. வெளியிலை கிடந்தால் இன்னொருக்கால் ஆரும் கோப்பினம் எண்டு நினைச்சனோ என்னவோ."

"நான் என்ன செய்யவேணும், சொல்லும்."

"ஒரு கேள்வி. அதை எழுதேக்கை உங்களுக்குப் பயமா இருந்ததோ?"

பதில் ஒரு சொல். பதினேழு மாதங்களாக அதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லவில்லை. "ஓம்" என்றார். "பிள்ளையளை நினைச்சு நினைச்சுத்தான் எழுதினனான். எல்லாரையும்விடப் பயந்தவன் நான்தான்."

கொன்ஸ்ரன்ரைன் தலையை ஆட்டினார். அவருடைய முகத்தில் ஆறுதலும் இல்லை, கோபமும் இல்லை.

"அதைப் பெரிய எழுத்திலை போட்டிருந்தால் அவள் ரயில் ஏறியிருப்பாள். சரி. மூண்டாவதை எழுதித் தாங்கோ. முழுதாய்."

இராசரத்தினம் அன்றும் அடுத்த நாளும் இருந்து அந்தப் பேச்சை மொழிபெயர்த்தார். இந்த முறை ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுக்கவில்லை. வேலையில்லாத சனத்தைப் பற்றியும் கைவிடப்பட்ட வயல்களைப் பற்றியும் அந்த மனிதர் சொன்னது எல்லாவற்றையும் எழுதினார். கொடுத்துவிட்டுத் தன் மேசையில் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒற்றிய தாள் வந்தது. மூன்றாவது பேச்சுக்கு அந்தப் பழைய வரியே தலைப்பு; அது ஆகப் பெரிய எழுத்தில் இருந்தது. 'வேண்டியது' என்ற சொல்லும் 'மட்டுமே' என்ற சொல்லும் முழுதாக நின்றன. பயம் வரவேண்டிய இரண்டு இடத்திலும் கவிழ்த்து வைத்த எழுத்துகளின் கறுத்த அடிகள் வரிசையாக நின்றன.

மக்கீன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர் இது? சின்ன எழுத்துக்கு மாத்தச் சொல்லுங்க. கந்தோர்ல நம்மள விட்டுவைக்க மாட்டாங்க."

கொன்ஸ்ரன்ரைன் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் திரும்பாமல் நின்றார்.

"இப்படியே போகட்டும்" என்றார் இராசரத்தினம்.

"ஒங்களுக்கென்ன பைத்தியமா?"

"அந்த எழுத்து இல்லை, முதலாளி. இல்லாததை இல்லை எண்டு காட்டுறதிலை பிழையில்லை. கந்தோரிலை கேட்டால் நான் சொன்னது எண்டு சொல்லுங்கோ. என்ரை பேரை எழுதிக் குடுங்கோ."

தாளின் ஓரத்தில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். மக்கீன் ஏதோ முணுமுணுத்தபடி போனார். முதலாளி அந்தப் பெயரைக் கந்தோருக்கு எழுதிக் கொடுப்பார், அடுத்த மாதம் இந்த மேசையில் வேறொருவன் இருப்பான் என்று இராசரத்தினத்துக்குத் தெரிந்தது.

கொன்ஸ்ரன்ரைன் வந்து தாளை வாங்கினார். கையொப்பத்தைப் பார்த்தார். பக்கத்தைச் சுற்றிக் கட்டக் கயிற்றை எடுத்தார்.

சுவரில் மணிக்கூடு பன்னிரண்டரை காட்டியது. யந்திரம் நின்றது. டங், டங்.

எல்லோரும் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தார்கள். அவர் கயிற்றின் நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தைச் சுற்றி இரண்டாவது சுற்று இழுத்தார். கேற்றுப் பக்கம் போகவில்லை.

"மாஸ்ரர்" என்றார், தலையைத் தூக்காமல். "இண்டைக்கு நீங்கள் போங்கோ."

இராசரத்தினம் எழுந்தார். மேசைகளுக்கு நடுவே நடந்தார். பெரியதம்பி வழிவிட்டான். வெளியே ஓகஸ்ட் மாதத்து வெயில் தெருவை வெளுக்கச் செய்திருந்தது. ஒரு ரிக்‌ஷாவைத் தவிர யாரும் இல்லை. கேற்றில் கையை வைத்தார். இரும்பு சுட்டது. அதற்குள்ளே ஓர் அதிர்வு இன்னும் அடங்காமல் இருந்தது. அவர் கையை எடுக்காமல், அது அடங்கும்வரை அப்படியே நின்றார்.