கணக்கில் வராத கை

அம்மாவின் காலில் மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் வசுமதி. குதிகால் வெடிப்புக்குள் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் கிள்ளி எடுத்துப் போட்டாள். கூட மாட நின்று தண்ணீர் ஊற்ற ஆளில்லை. செம்பை எடுப்பதும் ஊற்றுவதும் தேய்ப்பதும் எல்லாம் அவளே.

விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள் அம்மா குப்பம்மா. தம்பி ஹேமந்த் போன் பண்ணி, கல்பாக்கத்திலிருந்து வசுமதி பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குப்பத்தில் ஒரு சாவு என்றால் படகு இறங்காது, அடுப்பு எரியாது, பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். இந்த வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. ஆண்கள் எல்லோரும் அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டிருந்தார்கள். குப்பம்மாவின் பிணத்தை ஊர் தூக்குவதா வேண்டாமா என்று அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது.

எல்லாம் அந்த ஒரு கையால் வந்தது. நெம்மேலிக்குத் தெற்கே இருக்கிற இந்தக் குப்பத்தில் பெண்கள் கருவாடு காயப்போடும் மணல்மேட்டை ஒரு ரிசார்ட்காரன் கேட்டான். விடலாமா என்று ஊர்க்கூட்டம் கூடியது. கல்யாணமான ஆணுக்குத்தான் அங்கே கை தூக்கும் உரிமை. பெண்கள் வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அதுவும் ஊர் பார்த்துக் கொடுத்த சலுகை. வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது குப்பம்மா மரத்தடியை விட்டு நடுவில் போய் நின்று கையைத் தூக்கினாள். நாட்டார் சடையப்பன், ஊர்த் தலைவர், அந்தக் கையைத் தாண்டி எண்ணிக்கொண்டு போனார். கூட்டம் கலைகிற வரைக்கும் அவள் இறக்கவில்லை. மறுநாளிலிருந்து ஊர் அவளோடு பேசாது, நல்லது கெட்டதுக்கு நிற்காது என்று தீர்ப்பு. செங்கல்பட்டுக்கு மனுவோடு போனாள். அங்கே ஏதோ ஓர் ஆபீசில், அது உங்க ஊர் வழக்கம்மா, நாங்க இன்னா பண்றது என்று சொல்லி அனுப்பினார்கள். நாட்டை யார் ஆள்வது என்று சொல்ல அவளுக்கு ஓட்டு இருந்தது. தன் கருவாடு எங்கே காய வேண்டும் என்று சொல்ல இல்லை. மேட்டைச் சுற்றி வேலி வந்துவிட்டது.

ஹேமந்த் உள்ளே வந்தான். சட்டையின் முன்பக்கமெல்லாம் மணல்.

"முடிஞ்சிச்சிக்கா. ஊரு தூக்க ஒத்துகினு கீது."

"எப்பிடி ஒத்துகினாங்க?"

"பேசி முடிச்சிட்டேன், வுடேன்."

"கால்ல வியுந்தியா?"

அவன் முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டான். "வியுந்தேன். அம்மா செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். செத்தவங்களுக்கு இன்னாக்கா தெரியப்போவுது?"

"அப்பால?"

"அப்பால இன்னா... தப்புன்னு ஒத்துக்கிறவங்க கை தூக்கச் சொன்னாங்கோ."

"நீயும் தூக்குனியா?"

ஹேமந்த் மஞ்சள் பூசின காலைப் பார்த்தான். "தூக்கலன்னா நாளைக்கு வலைய தொட வுடுவானுங்களா? எனக்கும் புள்ள குட்டி கீதுக்கா."

வசுமதி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். மீன் குடலுக்கும் அழுகின நண்டுக்கும் நடுவே வளர்ந்தவள் அவள், அந்த நாற்றத்துக்கு ஒரு நாளும் மூக்கைப் பிடித்ததில்லை. அப்பா போனபின் தலையில் கூடை சுமந்து இவனை ஆளாக்கின அம்மா இங்கே விறைத்துக் கிடக்கிறாள். இவன் தூக்கின கை அவள் ஊட்டி வளர்த்த கை. "வெளிய போய் நில்லு, என் கண்ணு முன்னால நிக்காத," என்றாள்.

அவன் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். அங்கே ஆண்கள் கையை இறக்கின நிமிஷத்தில் இங்கே இவர்களுக்கு வாய் திறந்துவிட்டது போல. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள். சுவரோடு சுவர் ஒட்டின வீடு. ஊர் தீர்ப்புக்குப் பிறகு குப்பம்மாவின் வாசலுக்கு ஓடிவரும் பேரனை முதுகில் இரண்டு வைத்து இழுத்துக்கொண்டு போவாள். இப்போது வந்தவுடன் பிணத்தின் மேல் விழுந்து, "என் தாயி, என்ன வுட்டுட்டுப் பூட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"காலையில தம்பி கதவ தட்டுனானே, அப்ப எங்க சித்தி போயிருந்த?" என்று கேட்டாள் வசுமதி.

ஜெகதாம்பாளின் ஒப்பாரி ஒரு மூச்சு நின்றது. "வூட்டுக்காரரு வுடலடி," என்றாள் தாழ்ந்த குரலில். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் மற்றவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். கண்ணீர் என்னவோ நிஜக் கண்ணீர்தான். அதுதான் வசுமதிக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

வாசலில் பையன்கள் பிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. ஓரத்தில் தபால் தலை அளவில் அம்மா. மீதி இடம் முழுக்க ஊர்ப் பெரியவர்கள், கறுப்புக் கண்ணாடியோடு சடையப்பன் நடுவில். மாமல்லபுரத்தில் அடித்துக்கொண்டு வந்ததாம். ஹேமந்த் மணலில் விழுந்து எழுந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அப்படியானால் அவன் விழுவதற்கு முன்பே இது அச்சுக்குப் போயிருக்கிறது. தூக்குவது என்று முடிவு பண்ணிவிட்டுத்தான், சும்மா பார்த்து ரசிக்க அவனை விழ வைத்திருக்கிறார்கள்.

சடையப்பன் கையில் கோடிப் புடவையோடு வந்தார். இன்னொரு கையில் டீ. காறி ஓரமாகத் துப்பிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா வசு. நல்ல மனுசி. வாய்தான் கொஞ்சம் நீளம். போவட்டும், ஊரு மன்னிச்சிருச்சி."

"மன்னிக்கச் சொல்லி யாரு மாமா கேட்டா?"

"ஒந்தம்பிதான் கேட்டான்," என்று சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அவருடைய மீசையில் டீயின் ஆடை ஒட்டிக்கொண்டிருந்தது.

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட்டு ஆயிற்று. பாடையை நான்கு பேர் தோளில் ஏற்றினார்கள். முன்னால் வலது பக்கம் மணி, ஜெகதாம்பாளின் புருஷன். நெருப்புச் சட்டியோடு ஹேமந்த். அந்த ஊரில் பாடை நகரும் முன் நாட்டார் மூன்று தரம் கேட்பார், ஊர் மூன்று தரமும் சம்மதம் சொல்ல வேண்டும். எவனாவது ஒருத்தன் இல்லை என்றால் அவன் வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் பிணம் நகரும். ஒரு பாகத் தகராறில் வெயில் சாய்கிற வரை பாடை தெருவிலேயே நின்றதை வசுமதியே பார்த்திருக்கிறாள்.

"ஊரு சம்மதமா?"

"சம்மதம்."

"ஊரு சம்மதமா?"

"சம்மதம்." ஹேமந்தின் குரல்தான் இருப்பதிலேயே உரக்கக் கேட்டது.

"ஊரு சம்மதமா?"

"இல்ல," என்றாள் வசுமதி.

மேளம் நின்றது. சடையப்பன் திரும்பிப் பார்த்தார். "இன்னாது?"

"எனக்குச் சம்மதம் இல்லன்னேன். எங்கம்மா செஞ்சது தப்பில்லன்னு ஊரு சொல்லட்டும். அப்பால தூக்குங்கோ."

"யக்கா, மானத்த வாங்காத. ஓரமா வா," என்றான் ஹேமந்த். சட்டியிலிருந்து புகை அவன் கண்ணில் அடித்தது.

"பொம்பள சொல்லு கணக்குல வராதும்மா," என்றார் சடையப்பன். கோபம்கூட இல்லை, ஈ ஓட்டுகிற மாதிரி சொன்னார். "அடிடா மேளத்த. தூக்கு."

மேளம் மறுபடி பிடித்தது. நான்கு பேரும் காலெடுத்தார்கள். வசுமதி பாடைக்கு முன்னால் அசையாமல் நின்றாள். இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

பின்னால் ஜெகதாம்பாளின் ஒப்பாரி பாதியில் அறுந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அவள் வசுமதியைத் தாண்டி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. புருஷனின் காலுக்கு முன்னால், சந்தையில் இடம் பிடித்து உட்காருகிற மாதிரி, புடவையை ஒதுக்கிக்கொண்டு தெரு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏய், எய்ந்திரு," என்றார் மணி, உதடு பிரியாமல்.

அவள் எழவில்லை. சடையப்பன் ஏதோ கத்தினார். மேளக்காரன் அடிப்பதா நிறுத்துவதா என்று அவரையே பார்த்தான். மணி மூங்கிலை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.